செவிலியர் பயிற்சியில் வெள்ளோட்டம்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் நடைபெறும். பஞ்சமூர்த்திகளின் தேர்கள் மாட வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வரும். அவற்றுள் மிகப் பெரிது அண்ணாமலையார் எழுந்தருளும் தேர். அந்தத் தேரைச் சீரமைத்த பின்னர், 2024ஆம் ஆண்டுத் திருவிழா தொடங்குமுன் அதற்கு வெள்ளோட்டம் விட்டார்கள். வெள்ளோட்டம் என்பது யாது? சுவாமியை எழுந்தருளச் செய்யாமல் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பது. அச்சு பாரத்தைத் தாங்குகிறதா, திருப்பத்தில் சக்கரம் வளைந்து கொடுக்கிறதா, முட்டுக்கட்டை போடுவோரின் கை உரிய நொடியில் செயல்படுகிறதா என்பதையெல்லாம் அன்று கண்டறிகிறார்கள். வெள்ளோட்டத்தில் ஒரு குறை தெரிந்தால் தச்சர் அதைச் சரி செய்துவிடுவார். அதே குறை இலட்சக்கணக்கானோர் கூடி வடம் பிடிக்கும் நாளில் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே நெஞ்சம் நடுங்கும். குறை ஒன்றுதான், அது வெளிப்படும் நாள்தான் வேறு.

தேருக்குக் காட்டிய இந்த முன்னெச்சரிக்கையை மனித உயிரைக் காக்கும் கலைக்கும் காட்ட வேண்டும் என்பது இக்காலத்து மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கொள்கை. குறிப்பாக, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றப்போகும் செவிலியர்க்கு, உண்மை நோயாளியைத் தொடுவதற்கு முன்பே, உண்மையைப் போன்ற சூழலை அமைத்துக் கொடுத்துப் பழக்குகிறார்கள். மருத்துவமனைகளில் இதனைச் ‘சிமுலேஷன்’ என்று வழங்குவர். நாம் இதனை ஒத்திகைப் பயிற்சி என்று அழைப்போம். இதன் தேவை என்ன, இது எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு நடைபெறுகிறது, இதன் எல்லை எது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ளல் நன்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாய்ப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தனர். பலருக்குச் சுவாசத் தசைகளே செயலிழந்துவிட்டன. தொடக்க வாரங்களில் அந்நிலையில் இருந்த 31 பேருள் 27 பேர் இறந்தனர். மூச்சுக்கு உதவும் இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவையே இருந்தன. அப்பொழுது பியோன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர் ஒரு வழி கூறினார். கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயில் சிறு துளையிட்டு, ஒரு குழாயைப் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்றார். வழி பலித்தது. ஆனால் இரவும் பகலும் பையை அழுத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டுமே! மருத்துவ மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு, படுக்கையருகே அமர்ந்து, தம் கைகளாலேயே நோயாளிகளுக்கு மூச்சளித்தனர். செவிலியர் கண் துஞ்சாது காத்தனர். இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. இந்த அனுபவத்தின் பயனாக 1953ஆம் ஆண்டு இறுதியில் அந்நகரத்தின் மற்றொரு மருத்துவமனையில், கடுமையான நிலையில் உள்ளோரை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்கும் தனிப்பிரிவு ஒன்றை இப்சன் அமைத்தார். இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி.

இந்த வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தீவிர சிகிச்சையின் உயிர்நாடி இயந்திரம் அன்று. நோயாளியின் அருகிலேயே இடைவிடாது இருக்கும் ஒரு மனிதரே அதன் உயிர்நாடி. மருத்துவர் வருவார், பார்ப்பார், மருந்தும் முறையும் வகுப்பார், அடுத்த நோயாளியிடம் செல்வார். அருகிலேயே இருப்பவர் செவிலியர். ஆகவேதான் செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் வேண்டும் என்று விதிமுறைகள் வற்புறுத்துகின்றன. நள்ளிரவில் மூச்சுக்குழாய் அடைபட்டாலும், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்தாலும், அதை முதலில் காண்பவர் அவரே. முதலில் கை நீட்ட வேண்டியவரும் அவரே. மூளைக்குப் பிராணவாயு செல்வது நின்றுபோனால், நான்கைந்து நிமிடங்களுக்குள் மீளாத கேடு தொடங்கிவிடும். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவோ, பெரியவர்களை அழைத்துவந்து கேட்கவோ அந்த நிமிடங்கள் இடம் கொடுப்பதில்லை. அறிவு அப்பொழுது கையில் இருக்க வேண்டும்.

அறிவு கைக்கு வருவது எப்படி? பழக்கத்தால்தான். எவரிடம் பழகுவது? இங்கேதான் சிக்கல் எழுகிறது. ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்பதே அதன் பழைய வடிவம் என்று கூறுவாரும் உண்டு. மூலம் எதுவாயினும், மக்கள் நாவில் நிலைத்துவிட்ட வடிவம் ஓர் உண்மையைச் சொல்லத்தான் செய்கிறது. கற்றுக்குட்டியின் முதல் தவறுகளை எவரேனும் ஒருவர் தம் உடலில் தாங்கியே தீர வேண்டியிருந்தது. அந்த ஒருவர் யார்? பெரும்பாலும், கட்டணம் செலுத்த வழியின்றித் தரும மருத்துவமனைக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் வந்த ஏழை நோயாளியே. உலகின் எல்லா நாடுகளிலும் நெடுங்காலம் இதுவே நடைமுறை. நரம்பு தேடிக் குத்திய ஊசி நான்கு முறை தவறினாலும் அவர் பொறுத்துக்கொண்டார். எதிர்த்துக் கேட்க அவருக்குத் துணிவில்லை. கற்பவர்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. பழகாமல் எவரும் தேர்ச்சி பெற இயலாது. குற்றம் அந்த ஏற்பாட்டினுடையது. அந்த ஏற்பாட்டை மாற்றுவதற்கு மனிதர் கண்ட வழியே பொம்மை.

பொம்மையைக் கொண்டு பழகும் முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. வடமொழியில் அமைந்த சுசுருத சம்கிதையில், மாணவன் கைத்தொழில் பழகும் முறையைக் கூறுவதற்கென்றே தனி அத்தியாயம் உள்ளது. எத்துணை நூல்களைக் கற்றவனாயினும், கையால் பழகாதவன் மருத்துவத் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலாசிரியரின் கருத்து. அறுத்துப் பழகுவதற்குப் பூசணி, வெள்ளரி போன்ற காய்களையும், நாளத்தைக் குத்திப் பழகுவதற்கு ஆம்பல் தண்டு போன்றவற்றையும், தைத்துப் பழகுவதற்குத் துணியையும் மெல்லிய தோலையும், கட்டுக் கட்டிப் பழகுவதற்குத் துணியால் செய்த மனித உருவையும் அவர் குறிப்பிடுகிறார். நோயாளி துன்புறாமல் மாணவன் கற்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழமையானது.

செவிலியர்க்கென்றே பொம்மை பிறந்தது 1911ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவமனையைச் சேர்ந்த செவிலியர் பள்ளியின் தலைவியார், குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ் என்னும் அம்மையாரிடம், வளர்ந்த மனிதர் அளவில் ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டார். வந்து சேர்ந்த பொம்மைக்கு மாணவியர் ‘மிஸஸ் சேஸ்’ என்றே பெயரிட்டனர். நோயாளியைப் புரட்டுதல், நீராட்டுதல், படுக்கை விரித்தல், உடை மாற்றுதல் ஆகியவற்றை அவர்கள் அந்தப் பொம்மையிடம் கற்றனர். சில ஆண்டுகளில் ஊசி போட்டுப் பழகும் வசதியும் அதன் கையில் சேர்ந்தது.

அடுத்த பெரும் படி 1960ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நின்றுபோன இதயத்தை, மார்பின்மீது கைவைத்து அழுத்தி மீண்டும் இயக்கலாம் என்று அவ்வாண்டில் மருத்துவ அறிஞர்கள் உலகுக்கு அறிவித்தனர். ஆனால் இதயம் நன்றாக இயங்கும் மனிதரின் மார்பை அவ்வாறு அழுத்திப் பழகல் ஆகாது. விலா எலும்பு முறியும். நார்வே நாட்டில் ஸ்டாவாங்கர் என்னும் ஊரில் பொம்மைத் தொழில் நடத்திய ஆஸ்முண்டு லேர்டால் என்பவர், மார்பினுள் சுருள்வில் அமைந்த பொம்மை ஒன்றைச் செய்தார். முன்னொரு நாள் நீரில் மூழ்கவிருந்த தம் சிறு மகனைக் காப்பாற்றிய தந்தை அவர். அந்தப் பொம்மைக்கு அவர் கொடுத்த முகம், பாரிசு நகரத்து செயின் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயரறியாப் பெண் ஒருத்தியின் முகம். ‘ஆனி’ எனப்படும் அந்தப் பொம்மையின் வழித்தோன்றல்களிடம் உயிர்ப்பு முறை பயின்றோர் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் உள்ளனர். 1967ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், கணிப்பொறியால் இயங்கும் ‘சிம் ஒன்’ என்ற மனித உரு வந்தது. அது மூச்சு விட்டது, கண் இமைத்தது, அதன் நாடி துடித்தது, செலுத்திய மருந்துக்கு ஏற்ப அதன் நிலையும் மாறியது. விமானம் ஓட்டுவோர், தரையில் நிற்கும் போலி விமானத்தில் அமர்ந்து பழகும் முறையை எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தியிருந்தார். வானில் பறப்போர் கண்ட அந்த வழியை மருத்துவமும் பின்பற்றத் தொடங்கியது.

இனி, ஒத்திகை அறைக்குள் நடப்பதைக் காண்போம். அறை, உண்மையான தீவிர சிகிச்சைப் பிரிவைப் போலவே அமைந்திருக்கும். கட்டிலில் பொம்மை படுத்திருக்கிறது. வாயின் வழியே மூச்சுக்குழாய் செல்கிறது; அது செயற்கைச் சுவாசக் கருவியுடன் இணைந்திருக்கிறது. தலைமாட்டில் மானிட்டர். அதில் நாடித்துடிப்பு 88. இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு நூற்றுக்கு 98. ஒருபுறம் மட்டும் பார்க்க இயலும் கண்ணாடிக்குப் பின்னே ஆசிரியர் கணிப்பொறியுடன் அமர்ந்திருக்கிறார். மாணவி உள்ளே வருகிறாள். முந்தைய முறைப்பணியாளர் நோயாளியின் வரலாற்றைச் சொல்லி ஒப்படைக்கிறார். சில நிமிடங்கள் அமைதி. பிறகு ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சுவாசக் கருவி ஓலமிடுகிறது. 98 என்பது 94 ஆகிறது, 90 ஆகிறது, 86 ஆகிறது.

இப்பொழுது என்ன செய்வது? பயிலாத கை முதலில் நாடுவது ஒலியை நிறுத்தும் பொத்தானை. பயிலாத கண் நோக்குவது இயந்திரத்தை. பயிற்சி கற்பிப்பதோ இதற்கு மாறானது. முதலில் துணைக்கு ஆளைக் கூப்பிடு. பிறகு நோயாளியைப் பார். மார்பு எழுந்து தாழ்கிறதா? இரு புறமும் ஒருங்கே எழுகிறதா? கருவியிலிருந்து நோயாளியை விடுவித்து, ஆம்பு பையை இணைத்து, முழுப் பிராணவாயுவுடன் கையால் அழுத்து. கை எளிதாக அழுந்தி, பிராணவாயுவின் அளவும் ஏறினால், குறை கருவியிலோ அதன் குழாய்களிலோ உள்ளது. கை அழுந்த மறுத்தால், மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கலாம். உறிஞ்சுகுழலைச் செலுத்திச் சளியை நீக்கு. ஆனால் பத்துப் பதினைந்து நொடிகளுக்கு மேல் உறிஞ்சாதே. சளியோடு பிராணவாயுவும் வெளியேறுகிறது என்பதை மறவாதே. மார்பின் ஒரு புறம் மட்டும் எழுந்தால், குழாய் ஆழமாக இறங்கி ஒரு பக்கத்து நுரையீரலுக்குள் சென்றிருக்கலாம். அல்லது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அதனை அமுக்கியிருக்கலாம். உடனே மருத்துவர்க்குச் சொல். குழாய் இடம் பெயர்தல், குழாய் அடைபடுதல், மார்பில் காற்று கசிதல், கருவி பழுதாதல் என்னும் இந்த நான்கையும் வரிசையாக நினைவுகூரக் கற்றவள், அச்சத்தில் எதையும் விட்டுவிட மாட்டாள். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அவ்வரிசை அவள் கையில் ஓடும்.

மருத்துவர்க்குச் சொல்லும் முறையும் பயிற்சியின் ஒரு பகுதியே. ‘ஐயா, நோயாளிக்கு முடியவில்லை, சீக்கிரம் வாருங்கள்’ என்று பதறிச் சொல்வதால் பயன் குறைவு. இப்போதைய நிலை என்ன, நோயாளியின் பின்னணி என்ன, நான் காண்பது என்ன, தங்களிடம் வேண்டுவது என்ன என்று நான்கு கூறாகச் சொல்லப் பழக்குகிறார்கள். மருத்துவர் தொலைபேசியில் மருந்தின் பெயரும் அளவும் கூறினால், அதைச் செவிலியர் திரும்பச் சொல்லி உறுதி பெற வேண்டும். பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்து, நீர்க்காமல் நேரே நாளத்தில் சென்றால் இதயத்தையே நிறுத்திவிடும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் குப்பிகள் பல. ஆதலின் இருவர் சேர்ந்து படித்துப் பார்த்த பின்னரே செலுத்துவது என்ற பழக்கத்தை ஒத்திகை அறையிலேயே ஊன்றச் செய்கிறார்கள். வயதிலும் பதவியிலும் மூத்தவர் தவறு செய்யும்போது, பணிவு குன்றாமலும் அஞ்சாமலும் அதை எடுத்துச் சொல்வதற்கும் பயிற்சி உண்டு. பெரியோர் முன் வாய் திறவாமையே மரியாதை என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, இது எல்லாவற்றிலும் கடினமான பாடமாக இருக்கக்கூடும். ஆனால் நோயாளியின் உயிர் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கும் வேளைகளும் உண்டு.

ஒத்திகை முடிந்ததும் விளக்குகள் எரிகின்றன. மாணவியர் வட்டமாக அமர்கின்றனர். உண்மையில், பாடம் இப்பொழுதுதான் தொடங்குகிறது. ‘என்ன நடந்தது? அந்நேரத்தில் நீ என்ன நினைத்தாய்? மறுமுறை எதை வேறு விதமாகச் செய்வாய்?’ என்று ஆசிரியர் வினவுகிறார். ஏசுவதில்லை, மதிப்பெண் குறைப்பதுமில்லை. அவ்வறையில் நிகழ்ந்த தவறு அவ்வறையை விட்டு வெளியே போகாது என்பது உடன்பாடு. தவறியவள் தன் எண்ணத்தை ஒளிவின்றிக் கூறினால்தான் தவறின் வேர் தெரியும். கருவி ஓலமிட்டதும் அவள் ஒலியை நிறுத்தியது ஏன்? தெரியாமையாலா? அச்சத்தாலா? அல்லது வார்டில் நாள்தோறும் வீணே ஒலிக்கும் ஓசைகளைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனதாலா? காரணத்துக்கு ஏற்ப மருந்தும் வேறுபடும். ஆய்ந்து முடித்த பின் அதே ஒத்திகை மீண்டும் நடைபெறும். முதல்முறை இறந்த பொம்மை இம்முறை பிழைக்கும். மனிதருக்கு இல்லாத இரண்டாம் வாய்ப்பு பொம்மைக்கு உண்டு. அதனால்தான் அது நல்லாசிரியன் ஆகிறது.

இவ்வாறு பழகுவதால் உண்மையில் பயன் விளைகிறதா? ஐயம் நியாயமானதே. அமெரிக்காவில் செவிலியர் உரிமம் வழங்கும் வாரியங்களின் தேசிய அமைப்பு இதை ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. பத்துச் செவிலியர் கல்வி நிலையங்களின் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு பெரும்பாலும் வார்டிலேயே பயின்றது. மற்றொரு குழு வார்டுப் பயிற்சியில் கால் பங்கையும், மூன்றாம் குழு அரைப் பங்கையும் ஒத்திகை அறையில் பெற்றன. படிப்பு முடிவில் அறிவிலும் செயல்திறனிலும் மூன்று குழுக்களும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. ஆயினும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், முறையாகத் திட்டமிட்ட ஒத்திகையும், அதன்பின் ஆய்வுரையும் இருந்தால்தான் இந்தப் பயன் கிட்டும் என்பதையும் அவ்வாராய்ச்சியாளர் வற்புறுத்தினர்.

அரைப் பங்கு என்பதைக் கவனியுங்கள்; முழுப் பங்கு அன்று. பொம்மைக்கு எல்லை உண்டு. அதன் கை குளிர்ந்து வியர்ப்பதில்லை. அது தன் மகளின் பெயரைச் சொல்லிப் புலம்புவதில்லை. அதைக் காண வெளியில் நாள் முழுதும் காத்துக் கிடக்கும் உறவினர் எவரும் இல்லை. ‘பொம்மைதானே’ என்ற அலட்சியத்தில் கையுறை மாற்றாமல் விடும் தீய பழக்கமும் ஏற்படலாம். இக்குறையை ஈடுசெய்ய, 1963ஆம் ஆண்டில் ஹோவர்டு பாரோஸ் என்னும் மருத்துவர், நோயாளியாக நடிக்கப் பழக்கிய மனிதர்களைக் கொண்டு கற்பிக்கும் முறையைத் தொடங்கினார். நோயாளியாகவும் நோயாளியின் தாயாகவும் மனைவியாகவும் நடிப்பவரிடம் மாணவி பேசிப் பழகுகிறாள். ‘என் பிள்ளை பிழைப்பானா, அம்மா?’ என்று நம் ஊர்த் தாய் கேட்கும்போது பொய்யும் சொல்லாமல், நெஞ்சையும் உடைக்காமல் விடையளிப்பது ஊசி குத்துவதைவிட நுட்பமான கலை. அதற்கும் ஒத்திகை வேண்டும்.

ஒத்திகை என்ற சொல், திருவண்ணாமலை மாவட்டத்தார்க்குக் கூத்தையும் நினைவூட்டும். செய்யாறு வட்டாரத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற சிற்றூர். அடவும் பாட்டும் பழகாதவர் வேடம் கட்டிக்கொண்டு களரிக்குள் வருவதில்லை. பழகியவரோ, விடிய விடிய நடக்கும் கூத்தில், எதிர்பாராமல் எது நேர்ந்தாலும் நிலை குலையாமல் ஆடி முடிப்பார். பழக்கம் என்பது சொன்னதையே செய்யும் அடிமைத்தனம் அன்று. எதிர்பாராததைச் சமாளிக்க மனத்துக்கு ஓய்வு தரும் விடுதலை அது. கை தன் வேலையைத் தானே செய்யும்போதுதான், மனம் நோயாளியை நினைக்க முடியும்.

இம்மாவட்டத்துக்கு இப்பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையில் பெருங்கூட்டம் நடக்கிறது. தீபத்தன்று அது கடல்போல் பெருகுகிறது. முதியோர் பலர். நடந்து களைத்த வேளையில் மாரடைப்பும் மயக்கமும் நேரக்கூடியவையே. மறுபுறம், சவ்வாது மலையின் சிற்றூர்களிலிருந்து நோயாளியைக் கீழே கொண்டுவருவதற்கே நெடுநேரம் ஆகிவிடும். 2008ஆம் ஆண்டு முதல் 108 என்ற எண்ணில் அழைத்தால் வரும் வண்டி உண்டு. 2013ஆம் ஆண்டு முதல் திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஏற்கும் திட்டத்தையும் தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. வண்டி விரைந்து வரலாம். கட்டடம் உயர்ந்து நிற்கலாம். செலவையும் அரசு ஏற்கலாம். மலையிலிருந்து இறங்கி, மணிக்கணக்கில் வந்து சேர்ந்த உயிர், படுக்கையை அடைந்த பின் ஐந்து நிமிடத் தடுமாற்றத்தால் போய்விடுமானால் அத்தனை ஏற்பாடும் வீணாகும் அன்றோ?

நம் நாட்டில் செவிலியர் கல்வி நெடுந்தொலைவு வந்திருக்கிறது. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சி தொடங்கியது. திருவண்ணாமலைக்கு அண்மையில் உள்ள வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய கிறித்துவ மருத்துவ நிலையத்தில் 1909ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி உருவாயிற்று. 1946ஆம் ஆண்டில், தில்லியிலும் வேலூரிலும், செவிலியர்க்கெனப் பட்டப்படிப்பு தோன்றியது. நாடு முழுவதற்கும் ஒரே தரம் வகுக்க 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்திய நர்சிங் கவுன்சில் அமைந்தது. அக்கவுன்சில் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், செய்முறைக் கூடத்திலும் ஒத்திகை முறையிலும் பழகுவதற்கென்றே மணிநேரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தீவிர சிகிச்சையில் தனித்தேர்ச்சி பெற விரும்பும் செவிலியர்க்கு இரண்டாண்டு முதுகலைப் படிப்பும் உண்டு.

ஆயினும், ‘இலட்சக்கணக்கில் விலைபெறும் கணிப்பொறிப் பொம்மைக்குச் சிற்றூர்ப் பள்ளி எங்கே போகும்?’ என்று கேட்கலாம். விலை உயர்ந்த பொம்மைதான் வேண்டும் என்பதில்லை. மார்பை அழுத்திப் பழக எளிய பொம்மையே போதும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கை கழுவும் முறையைச் சோதிக்க, புற ஊதா விளக்கில் ஒளிரும் பூச்சு ஒன்று போதும். கழுவிய பின் விளக்கின்கீழ் கையைக் காட்டினால், விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் விட்டுப்போன இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். பணி ஓய்ந்த வேளையில், காலியான கட்டில் ஒன்றைச் சுற்றி நின்று, ‘இந்நோயாளிக்கு இப்பொழுது மூச்சு நின்றுவிட்டது, யார் என்ன செய்வீர்கள்?’ என்று மூத்த செவிலியர் ஒருவர் கேட்டால், அதுவும் ஒத்திகையே. அம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. அவசரப் பெட்டியில் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, பிராணவாயு உருளை நிறைந்திருக்கிறதா, ஆம்பு பை கிழியாமல் இருக்கிறதா என்ற உண்மைகளும் அப்பொழுதே வெளிப்பட்டுவிடும். பொருளைவிட இதற்கு வேண்டுவது நேரமும், கற்பிக்கும் மனமும், தவறியவரை ஏசாத பெருந்தன்மையுமே.

1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்று, தவிர்க்கக்கூடிய தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் குறைந்தது 44,000 பேரேனும் இறப்பதாகக் கணக்கிட்டது. செல்வமும் கருவிகளும் மிகுந்த நாட்டின் நிலை இது. மனிதர் தவறு செய்யும் இயல்பினர் என்பதை ஏற்றுக்கொண்டு, அத்தவறு நிகழ்வதற்குத் தீங்கற்ற இடம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பதே அந்தக் குழு கண்ட வழிகளுள் ஒன்று. அறிவுடைய செயல் அது, அறமும் அதுவே. ஏழை என்பதற்காக ஒருவரது உடல் பிறரது முதற்பாடமாக அமைதல் தகாது. நோயாளியின் உடல், பழகி முடித்த கைகளுக்கே உரியது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை வெண்ணுடை அணிந்து அந்தக் கட்டிலின் அருகே நிற்பீர்கள். பலர் மருத்துவமனைக்கு வெளியே, உற்றார் ஒருவருக்காகக் கைகட்டிக் காத்திருப்பீர்கள். எந்த இடத்தில் நிற்பீர்களாயினும், உங்கள் ஊர் மருத்துவமனையில் செவிலியர் பழகுவதற்கு ஓர் அறையும் ஒரு பொம்மையும் உண்டா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு முன், உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ உயிர்ப்பு முறை கற்பிக்கும் நாள் வந்தால் தயங்காமல் முன்னே செல்லுங்கள். முழந்தாளிட்டு, கை கோத்து, அந்தப் பொம்மையின் மார்பில் அழுத்திப் பாருங்கள். முதல்முறை தவறாகத்தான் அழுத்துவீர்கள். நாணம் வேண்டா, தவறுவதற்காகவே அந்தப் பொம்மை அங்கே படுத்திருக்கிறது.